எஞ்சின் பெட்டிமேல் வீணை

உருத்திரபுரத்தில் பஸ் ஏறியபோது பிரஷாந்தினி வீணையை இருக்கையோடு சாய்த்துப் பிடித்துக்கொள்ளத்தான் நினைத்தாள். சாரதி கணபதி விட்டால்தானே?

"சரஸ்வதியைக் கால் மிதிக்கிற இடத்தில வைக்கிறதே, தங்கச்சி? இஞ்ச தாங்கோ."

வாங்கி, தன் பக்கத்து எஞ்சின் பெட்டியின்மேல், சாமிப் படங்களுக்கு நேர் கீழே, துவாய் விரித்துக் கிடத்திவிட்டார். பஸ்ஸே தலையாட்டியது. அந்தப் பெட்டியில் தோசை சுடலாம் என்பது அவளுக்குத் தெரியும். வீணைத் தண்டில் விரல் ஓடும் வெண்கல மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பது அவருக்குத் தெரியாது. வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அவ்வளவு பக்திக்கு முன்னால் எப்படிச் சொல்வது? முல்லைத்தீவு வரைக்கும் மனம் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

போனமுறை வவுனியாவில் நடனத்துக்கு இவள் வாசித்தபோது நடுவில் வீணையின் சுருதி இறங்கி, ஆடிய பிள்ளைகள் தடுமாறிப் போனார்கள். நடன ஆசிரியை நேசமலர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்.

"இந்தமுறையும் பிசகினா நான் ரெக்கோர்டிங்கோடயே போறன். குறை நினையாதையும்."

முல்லைத்தீவில், ஆட்டம் நடக்கவிருந்த மண்டபத்துக்குப் பின்னால் வீணையின் உறையைக் கழற்றினாள். சுட்டது. கம்பிகள் தொய்ந்திருந்தன, அது கம்பி சுற்றிய பிரடையை முறுக்கினால் சரி. ஆனால் மெழுகு இளகி இரண்டு மெட்டுகள் சரிந்திருந்தன. மீட்டி மீட்டிப் பார்த்து, பெருவிரலால் தள்ளி நேராக்கினாள். கையை எடுத்தால் மறுபடி நழுவின. மெழுகு இறுகவேண்டும், வெயிலோ கொளுத்தியது.

வீதிக்கு அந்தப் பக்கம் மீன் விற்பவரிடம் ஓடி ஐஸ் கேட்டாள்.

"என்ன மீனுக்கு, தங்கச்சி?"

"வீணைக்கு, அண்ணை."

அவர் அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தார்.

பையை மெட்டுகள்மேல் அழுத்திப் பிடித்தபடி குந்தியிருந்தாள். இந்த மீன் நாற்றத்தைச் சரஸ்வதி பொறுப்பாளா என்பதைக் கணபதி அண்ணையிடம்தான் கேட்கவேண்டும். மெழுகு இறுகியது. ஆனால் கம்பிகளும் குளிர்ந்துபோயிருந்தன. குளிரில் கூட்டிய சுருதி சூடேறினால் இறங்கும். குளிர் போகும்வரை பொறுக்க நேரமில்லை, மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்; அப்படியே கூட்டிக்கொண்டு போனாள்.

மேடையில் விளக்குச் சூடு. முதல் உருப்படி ஒருவழியாகத் தப்பியது. இரண்டாவதில், நடுவில், கம்பியின் சுருதி இறங்கியது. ஆடிக்கொண்டிருந்த யதுர்ஷிகாவின் முகத்திலேயே அது தெரிந்தது. பிரஷாந்தினியின் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த நேசமலர் தாளத்தைக் கீழே வைத்துவிட்டு ரெக்கோர்டிங் பொத்தானுக்குக் கையை நீட்டினார். எல்லாம் முடிந்தது என்றே பிரஷாந்தினி நினைத்தாள். பிரடையைத் திருகினாள், திருகாமல் இருக்க முடியாததால்.

யதுர்ஷிகா அசையவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி, சிரித்த முகத்தோடு, வீணைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். சபை அதையும் ஆட்டம் என்றே பார்த்திருந்தது.

நேசமலரின் கை பொத்தானுக்குப் போகாமல் திரும்பி வந்தது. குனிந்து மெல்லச் சொன்னார்.

"ஆறுதலாக் கூட்டும். அவள் நிப்பாள்."