பேணியில் இருந்தது தண்ணீர்தான்

மாமாங்கப் போடியார் பியர் குடிப்பவர் என்று வம்மியடித்துறையில் யாரும் சொல்லிவிட முடியாது. வெயில் தாழ்ந்ததும் வாவியைப் பார்த்த விறாந்தையில் அமர்ந்து, வெண்கலப் பேணியிலிருந்து குளிர்ச்சியாகக் கொஞ்சம் அருந்துவார். அவ்வளவுதான். தோணியில் போகிறவர்களுக்கும் கரையோரம் சைக்கிளில் போகிறவர்களுக்கும் வெள்ளை வேட்டியும் நிமிர்ந்த முதுகுமாக ஒரு பெரிய மனிதர் தண்ணீர் குடிப்பதுதான் தெரியும். தெரிய வேண்டியதும் அதுதான்.

நுரை விளிம்புக்கு மேலே எழும்பித் துரோகம் செய்யாதபடி, அது அடங்கும்வரை பேணியை ஒரு தட்டால் மூடி வைப்பார். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் கொள்வார். குடித்து முடித்தபின் பேணியைத் தானே புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவார். வேறு எந்தப் பாத்திரத்துக்கும் அந்தக் கை தண்ணீர் ஊற்றியதாக வரலாறு இல்லை.

அந்தப் பேணி அவருடையதல்ல. வீட்டைப் போலவே அதுவும் மனைவி ஆச்சிப்பிள்ளையின் சீதனம். அவளுடைய தாயின் பெயர் அதன் வயிற்றில் வெட்டப்பட்டிருந்தது. படியேறி வருகிற விருந்தாளிக்கு முதலில் அந்தப் பேணியில் தண்ணீர், அதன் பிறகுதான் பேச்சு. அந்த வீட்டின் முறை அது. போடியார் செய்ததெல்லாம், விருந்தாளி வராத பொழுதுகளில் பேணியைச் சும்மா வைத்திருக்காததுதான்.

இப்படி மானத்தோடு போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன.

கண்ணகை அம்மன் கோயிலில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும், நிர்வாகம் பார்க்க ஒரு வண்ணக்கர் உண்டு. போடியாரின் குடிக்குரிய இடம் அவருடைய தாய்மாமன் காலமானதோடு வெறுமையாகிக் கிடந்தது. முறைப்படி மருமகனான இவருக்கே அது வரவேண்டும். ஆனால் அதே குடியில் தங்கராசாவும் ஒரு மருமகன். பெரிய வண்ணக்கர் வினாசித்தம்பியோ மிகக் கண்டிப்பானவர். "குடிக்கிறவன் அம்மாள்ர வாசல்ல நிக்க ஏலா" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னவர். கோயிலின் ஆண்டுச் சடங்கு தொடங்குமுன் வீடு வீடாகப் போய் ஆளைப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று அறிவித்திருந்தார். தாய்மாமன் நின்ற இடத்தில் தங்கராசா நிற்பதைப் பார்ப்பதைவிட வாவியில் இறங்கிவிடலாம் என்று போடியார் நினைத்தார்.

இரண்டாவது காரியம், மகள் பிரஷாந்தியின் புருஷன் சுதாகரன் சூரிச்சிலிருந்து லீவில் வந்தது. வந்தவன் பெட்டியைத் திறந்து, கைபிடி வைத்த கண்ணாடிக் குவளைகளை வரிசையாக மேசையில் அடுக்கினான்.

"மாமா, பியரெண்டா நிறத்தப் பாக்கோணும், நுரையப் பாக்கோணும். இந்தப் பேணிக்குள்ள ஊத்தினா கசாயம் குடிக்கிற மாதிரி இரிக்கி."

"மனே, சூரிச்சில நிறத்தப் பாக்கிறது நீ. இஞ்ச பாக்கிறது ஊர்."

"வெண்கலத்தில ருசி கெட்டுப் போகும்."

"ருசி கெட்டா எனக்கு மட்டுந்தான் தெரியும். மானம் கெட்டா களுவாஞ்சிக்குடி வரைக்கும் தெரியும்."

"உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு தெரியாமக் குடிக்கிறது சரியில்ல மாமா."

"உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு காட்டத்தான் குடும்பமெண்டு ஒண்டு வெச்சிரிக்கமா?"

ஆனாலும் சுதாகரன் தன் கண்ணாடிக் குவளையை விடவில்லை. போடியார் அவனைச் சுவரோரமாக, தூணுக்குப் பின்னால், ஊர்க்கண் படாத இடத்தில் உட்கார வைத்தார்.

ஒரு பின்னேரம் மாமனும் மருமகனும் அப்படி இருந்தபோது கேற்றடியில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. பெரிய வண்ணக்கர், கோயில் செயலாளர் விஜிதரன், அவர்களுக்குப் பின்னால் தங்கராசா. பார்க்க வருகிறவர் சொல்லாமல் வருவார் என்பதைப் போடியார் யோசித்திருக்கவில்லை.

"கண்ணாடியை உள்ளுக்குக் கொண்டு போ! சுறுக்கா!"

சுதாகரன் குவளையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினான். போடியார் தன் பேணியைத் தொடவே இல்லை. நிறைந்த பேணி முக்காலியில் கம்பீரமாக வீற்றிருந்தது. உலோகத்தின் அருமை இப்போதாவது அந்தப் பொடியனுக்கு விளங்கும் என்று எண்ணியபடி, சால்வையைச் சரிசெய்து எழுந்து கைகூப்பினார்.

"வாங்க வண்ணக்கர், வாங்க. இரிங்க."

வினாசித்தம்பி முக்காலிக்குப் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று அமர்ந்து முகத்தைத் துடைத்தார்.

"என்ன வெயில் போடியார்! நாக்கு ஒட்டிப் போச்சு. ஆ, நாங்க வாறது தெரிஞ்சு தண்ணியும் வெச்சிரிக்கிறீங்க. இப்ப எல்லா வீட்டிலயும் பிளாஸ்டிக் போத்தலத்தான் நீட்டுறானுகள். வெண்கலப் பேணியில தண்ணி குடுக்கிற வீடு இது ஒண்டுதான் மிச்சம்."

போடியார் வாயைத் திறந்தார். தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று விருந்தாளியிடம் சொன்ன குடும்பம் என்ற பெயர் வரும். சொல்லாவிட்டால் வேறு பெயர் வரும்.

பெரிய வண்ணக்கர் வியர்த்திருந்த பேணியைத் தூக்கி, அண்ணாந்து, ஒரே தாரையாக ஊற்றினார். தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. இரண்டாவது மிடறில் அது நின்றது. கண்கள் அகன்று கூரையைப் பார்த்தன. போடியாருக்குத் தன் தாய்மாமனின் முகம் தெரிந்தது.

பிறகு தொண்டை முடிச்சு மறுபடி அசைந்தது. பேணி வெறுமையாகும்வரை அசைந்தது.

வினாசித்தம்பி பேணியை மெல்ல வைத்தார். வயிற்றிலிருந்து புறப்பட்ட ஒரு சத்தத்தைச் சால்வையால் மூடினார்.

"நல்ல தண்ணி" என்றார். "எந்தக் கிணறு?"

"பின்வளவுக் கிணறு" என்றார் போடியார்.

தங்கராசா நிமிர்ந்தான். "அது வாவிக்கரைக் கிணறெல்லுவா? உப்பெண்டு மாடும் வாய் வைக்காதே!"

"தங்கராசா, நீ குடிச்சுப் பாத்தியா?"

"இல்ல வண்ணக்கர்."

"குடிச்ச ஆள் நான் சொல்றன். பேசாம இரி." அவர் போடியார் பக்கம் திரும்பினார். "நான் குடிச்ச கிணத்துக்குள்ள இப்பிடி ஒண்டு இல்ல. விஜிதரன், நீயும் கொஞ்சம் குடி."

போடியாரே உள்ளே போய்ப் பேணியை நிரப்பி, மூடி, கொண்டு வந்தார். விஜிதரனும் குடித்தான். அவனும் பெரிய வண்ணக்கரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம், நல்ல ஊத்து" என்றான். சுதாகரன் மரியாதைக்காகக் கண்ணாடிக் குவளைகளைக் கொண்டு வந்தபோது வினாசித்தம்பி கையைக் காட்டித் தடுத்தார். "கண்ணாடி ஒண்ணா மனே. தண்ணிக்கு வெண்கலந்தான் மரியாதை." தங்கராசா விடாய் இல்லை என்று சொல்லிவிட்டான்.

எழும்பும்போது பெரிய வண்ணக்கர் சொன்னார்: "முடிவு சொல்ற கூட்டத்தை வெள்ளிக்கிழமை இஞ்சயே வைப்பம். தண்ணி நல்லா இரிக்கி."

அவர்கள் போனதும் போடியாரின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. "பாத்தியா மனே?" என்று மருமகனைக் கேட்டார். சுதாகரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். குசினி வாசலில் ஆச்சிப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க, நீங்க குடிச்சதெல்லாம் எனக்குத் தெரியும். புளிக்கு மணம் போகாது. புருஷன்தானே எண்டு கண்ண மூடிக்கொண்டன். ஆனா விடாயோட வந்த மனிசனுக்கு எண்ட தாய்ர பேணியில இதக் குடுத்திருக்கிறீங்க."

"அவர்தானே எடுத்துக் குடிச்சார் புள்ள! நான் நீட்டினனா?"

"ரெண்டாந்தரம் ஆர் நீட்டின?"

போடியாருக்கு அந்நேரம் வாவியில் அவசரமாகப் பார்க்க வேண்டிய ஏதோ இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. குளிர்ப்பெட்டிக்குள் போத்தல்கள் நெருக்கியடித்து நின்றன. குடிகளின் ஆட்கள் எல்லோரும் விறாந்தை நிறைய அமர்ந்திருந்தார்கள். வெற்றிலை வட்டா சுற்றி வந்தது. போடியார் குசினிக்குள் பேணியை நிரப்பி மூடி வைத்துவிட்டு, ஆட்களை வரவேற்க வெளியே போனார்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அந்த வீட்டில் பெண்ணின் உரிமை. ஆச்சிப்பிள்ளை சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பேணியை இரண்டு கையாலும் ஏந்தி வந்து பெரிய வண்ணக்கரிடம் நீட்டினாள்.

போடியாரின் கண் பேணியில் பட்டது. அதன் வயிறு வியர்க்கவில்லை. மாமியாரின் பெயர் எழுத்து எழுத்தாகக் காய்ந்து மினுங்கியது. போடியாருக்கு வியர்த்தது.

"இந்தத் தண்ணியத்தான் நான் சொன்னது" என்று வினாசித்தம்பி சபைக்கு அறிவித்துவிட்டு, ஆசையோடு அண்ணாந்து நீளமாக ஊற்றினார்.

மிடறு நின்றது. கன்னங்கள் உப்பின. அவர் துப்பவில்லை. எங்கே துப்புவது? மாடு வாய் வைக்காத தண்ணீரை, தான் மெச்சிய தண்ணீரை, குடிகள் முழுவதும் பார்த்திருக்க, அவர் விழுங்கினார். கண்ணோரம் நனைந்தது.

"எப்பிடி வண்ணக்கர்?" என்று தங்கராசா கேட்டான்.

"அதே தண்ணி" என்றார் வினாசித்தம்பி.

பேணி கைமாறியது. பெரிய வண்ணக்கர் மெச்சியதை மறுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஒவ்வொருவரும் அண்ணாந்தார்கள், விழுங்கினார்கள், தலையாட்டினார்கள். விஜிதரன் மட்டும் நெஞ்சைத் தடவிக்கொண்டான். தங்கராசா அன்றும் விடாய் இல்லை என்றான். குடிகளின் முறையை மதிக்காதவன் என்று சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அத்தோடு அவன் கதை முடிந்தது.

"மாமாங்கப் போடியார்தான் வண்ணக்கர்" என்றார் வினாசித்தம்பி. "புது வண்ணக்கரும் குடிக்கட்டும்."

ஆச்சிப்பிள்ளை பேணியை மறுபடி விளிம்பு வரை நிரப்பி வந்து புருஷனிடம் நீட்டினாள். போடியார் முதுகை வளைக்காமல் கடைசித் துளி வரைக்கும் குடித்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

படியிறங்கும்போது விஜிதரன் அடுத்த கூட்டமும் இங்கேதானா என்று கேட்டான். பெரிய வண்ணக்கர் நின்று, நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, தங்கராசாவைப் பார்த்தார்.

"உன்ட வீட்டுல தண்ணி எதில குடுக்கிற நீ?"

"கண்ணாடிக் கிளாசில வண்ணக்கர்."

"அப்ப அங்கேயே வைப்பம். கண்ணாடியெண்டா உள்ளுக்கு என்ன இரிக்கெண்டு பாத்துக் குடிக்கலாம்."

தூணுக்குப் பின்னாலிருந்து சுதாகரன் பலமாக இருமினான். புது வண்ணக்கர் திரும்பிப் பார்க்கவில்லை. கைகூப்பியபடி, நிமிர்ந்து, வாய் நிறைந்த உப்போடு வழியனுப்பிக்கொண்டிருந்தார்.