செவ்வாய்க்கிழமை வழக்கு

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் கழுத்து டையை நேராக்கிவிட்டு நிமிர்ந்த ஆர்டிஸ், வாசலருகே பாஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டாள். அன்று மாலை அந்த அஞ்சலிக் கூடத்தில் அவர் ஒருவர்தான் பாக்கி. மற்றவர்கள் வந்த சூட்டோடு கிளம்பிவிட்டார்கள். ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்குக் கன்று போடப்போகும் மாடு.

முப்பது வருடம் கோர்ட்டில் நின்று, நீதிபதி வரும்போது “எல்லோரும் எழுந்து நில்லுங்கள்” என்று குரல் கொடுத்தவர் அப்பா ஹார்லன். அந்த ஊரே அவர் சொல்லி எழுந்து நின்றிருக்கிறது. இன்று அவருக்காகக் கால்மணி நேரம் நிற்க ஆளில்லை.

காரணம் ஆர்டிஸுக்குத் தெரியும். நாலு வருடமாகச் செவ்வாய்தோறும் டிவியில் வரும் நாடகம் இன்றோடு முடிகிறது. அண்ணனைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற ஒரு மாட்டு டாக்டர், தப்பி ஊர் ஊராக ஓடும் கதை. கொன்றது அவன்தானா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். அமெரிக்கா முழுக்க அவன் நிரபராதி என்று நம்பியது, ஹார்லனைத் தவிர.

“பன்னெண்டு ஜூரி உக்காந்து யோசிச்சுச் சொன்னது தப்பாப் போகுமா? தப்பு பண்ணாதவன் எதுக்கு ஓடணும்?” என்பார்.

“தப்பு பண்ணவனுக்குத்தான் நல்ல வக்கீல் கிடைச்சிடுறானே. பண்ணாதவன் ஓடத்தான் வேணும்,” என்பாள் அம்மா வெர்லா. கீரியும் பாம்பும்தான். புதன்கிழமை காலைக் காப்பிவரை சண்டை நீளும். இந்தத் திங்கள் காலை ஹார்லன் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார்.

வெர்லா எழுந்து கைப்பையை எடுத்தாள். “பாஸ்டர், இங்க நின்னு நெளியாதீங்க. நம்ம வீட்டுக்கு வாங்க. பக்கத்து வீட்டு ஓப்பலையும் கூப்பிட்டிருக்கேன், அவ டிவி ரிப்பேர். துக்கத்துக்குன்னு நீங்கெல்லாம் கொண்டாந்த பன்னிக்கறியை யாரு தின்னு தீக்கிறது?”

ஆர்டிஸ் அவள் கையைப் பிடித்தாள். “அம்மா, நாளைக்குத்தான் அடக்கம். ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு டிவி முன்னாடி உக்காந்திருக்கும். என்னத்தச் சொல்லும்?”

ஆர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவை மண்ணுக்குள் வைக்கும் முன்பே அவரைத் தோற்கடித்துப் பார்த்துவிட இத்தனை அவசரமா? இரண்டு நாளாக அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டே காரை ஓட்டினாள்.

கடைசிக் காட்சியில் பண்ணையாள் ஒருவன் உண்மையைக் கக்கினான். டாக்டரின் அண்ணனைக் கொன்றது அவன்தான். ஓப்பல் மூக்கை உறிஞ்சினாள். பாஸ்டர் தன்னை மறந்து தொடையில் தட்டினார்.

“ஜெயிச்சிட்டே, வெர்லா!” என்றாள் ஓப்பல். “நாலு வருஷமா நீ சொன்னதுதான் நடந்துச்சு.”

வெர்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “இதெல்லாம் ஒரு சாட்சியா? போலீஸ் மிரட்டியிருப்பான், இவன் ஒத்துக்கிட்டான். டாக்டர்தான் கொன்னிருக்கான்.”

ஓப்பலும் பாஸ்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பாவம், அசதி,” என்று முணுமுணுத்தபடி ஓப்பல் தொப்பியைத் தேடினாள். பாஸ்டரும் அவள் பின்னாலேயே வெளியேறினார்.

வெர்லா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தட்டுகளைக் கழுவியபடி, முதுகைத் திருப்பிக்கொண்டே மறுபடி சொன்னாள். “பன்னெண்டு ஜூரி. தப்பாப் போகுமா?”

சமையலறை வாசலில் நின்ற ஆர்டிஸுக்கு அது அப்பாவின் பேச்சு என்று உறைத்தது. காரில் வரும்போது நினைத்ததற்காக வெட்கமாக இருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“சும்மா இரும்மா. கொன்னவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான், நீ என்ன பெரிய ஜட்ஜா?”

வெர்லாவின் கை தண்ணீருக்குள் ஒரு கணம் நின்றது.

“அப்ப டாக்டர் எதுக்குடி ஓடணும்?” என்றாள், ஈரத் தட்டை நீட்டி.

“பண்ணாதவன் ஓடத்தான் வேணும்,” என்று ஆர்டிஸ் அதை வாங்கித் துடைத்தாள்.