ஆறா குழி

தங்கசாமி எந்தப் பொருளையும் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். பாடாலூரில் நெடுஞ்சாலையோரம் பம்புசெட்டு மோட்டார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த அவர், கண்ணைவிடக் கையையே நம்புவார். மைத்துனன் செல்லதுரைக்கு மோட்டார்சைக்கிள் வாங்கத் திருச்சிக்குப் போனபோதும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

செல்லதுரைக்கு ஊர் சுற்றும் வண்டி தேவைப்படவில்லை. முந்தைய கோடையில் திருச்சி இளைஞர்கள் சிலர் நடத்திய போட்டியொன்றை அவன் கண்டுவிட்டு வந்திருந்தான். அதில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, சரிவு, ஓடை எல்லாவற்றையும் வண்டியிலேயே ஏறிக் கடக்கவேண்டும். கால் தரையில் பட்டால் புள்ளி போய்விடும். அன்றுமுதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய வண்டிகளை விற்கும் கொட்டகையில் இரண்டு வண்டிகள் அவர்களுக்குத் தோதாக இருந்தன. ஒன்று பளபளவென்று நீண்ட இருக்கையோடு மாப்பிள்ளைபோல நின்றது. மற்றொன்று எலும்பும் தோலுமாக இருந்தது. கைப்பிடி அகலம், பெட்ரோல் தொட்டி ஒரு சொம்பளவு, புகைபோக்கி இருக்கைக்கு ஒட்டி மேலே ஏறியிருந்தது, டயரில் கட்டை கட்டையாகப் பற்கள். இருக்கை ஒருவனுக்கே போதாது.

"பின்சக்கரத்தத் தூக்கு, மாப்ள" என்றார் தங்கசாமி.

பளபளப்பான வண்டி அசைய மறுத்தது. எலும்பு வண்டியைச் செல்லதுரை ஒரே மூச்சில் தூக்கிச் செங்கல்மேல் வைத்துவிட்டான்.

"இதுதான்" என்றார் தங்கசாமி. "சிக்கிக்கிட்டா ஒரு ஆளே தூக்கிக்கிட்டு வந்துடலாம்."

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி செங்கமலம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். செல்லதுரை அவளுடைய ஒரே தம்பி.

"பின்னாடி உக்கார எடமே இல்லியேடா. நாளைக்கு வரப்போறவ எங்க உக்காருவா?"

"அவ பஸ்ல வரட்டும், அக்கா."

"அப்புறம் அந்தப் பஸ்ஸு கண்டக்டரையே கட்டிக்குவா."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்று மாலை தங்கசாமி திருப்புளியோடு உட்கார்ந்து, பாரம் குறையட்டும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றியபோது அவள் சிரிக்கவில்லை. விளக்கு போயிற்று, கண்ணாடி போயிற்று, ஹாரன் போயிற்று, கடைசியில் வண்டியைச் சாய்த்து நிறுத்தும் ஸ்டாண்டும் போயிற்று.

"எல்லாத்தையும் கழட்டிட்டீங்க. எந்தம்பிய மட்டும் முழுசாக் கொண்டாந்து வுட்டுடுங்க" என்றாள்.

அந்த வாக்கியம் தங்கசாமியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

பயிற்சிக்கு அவர் தேர்ந்த இடம் அரியலூருக்கு அப்பால் இருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கம். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை கிடையாது. செல்லதுரை வண்டியில் போனான். பின்னிருக்கை இல்லாததால் தங்கசாமி பெட்ரோல் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கி நடந்தார்.

காவல்காரர் அங்கமுத்து வாயிலிலேயே வழி சொன்னார்.

"ஆறாங்குழியில ஓட்டிக்குங்க, தம்பி. கல்லெடுத்து முடிஞ்ச பழைய குழி. ஆடு மேயும். மத்த குழிப் பக்கம் போயிடாதீங்க."

"எந்தப் பக்கம்ணே?" என்றான் செல்லதுரை.

"பலகையில எழுதியிருக்கும், பாத்துக்குங்க."

வண்டிப்பாதை இரண்டாகப் பிரிந்தது. வடக்கே போன கிளையில், குழியின் விளிம்பிலேயே ஒரு கரும்பலகை நடப்பட்டிருந்தது. அதில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்த சொற்கள்: ஆறா குழி.

"ஆறாங்குழி இதான், மாமா!" என்று செல்லதுரை இறங்கிவிட்டான்.

தங்கசாமி விளிம்பில் நின்று பார்த்தார். கல்லெடுத்த படிகளில் வண்டி தவளைபோலப் படிக்குப் படி தாவியது. கால் ஊன்றாமல் அவன் எழுந்து நின்றே ஓட்டிய அழகில் அவர் சிறிதுநேரம் மெய்ம்மறந்தார். பிறகுதான் ஒன்று உறுத்தியது. ஆடு மேயும் குழி என்றாரே, ஒரு புழுக்கையைக்கூடக் காணோமே? புல்லும் இல்லை. பாறை அன்றுதான் உரித்ததுபோல வெள்ளையாக இருந்தது. காலடியில் ஒரு கம்பு சாய்ந்து கிடந்தது; அதில் கட்டிய சிவப்புத் துணி தூள் படிந்து வெளுத்திருந்தது. மேல்படிப் பாறையில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் மஞ்சள் கம்பி இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன.

பின்னால் யாரோ ஓடிவரும் ஓசை கேட்டது. அங்கமுத்து மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சத்தம் தெக்கேருந்தில்ல வரணும், வடக்கேருந்து வருதேன்னு ஓடியாறேன்! இது ஆறாத குழி, தம்பி! நேத்து வச்ச தோட்டா பாதி... பாதி இன்னும் ஆறல!"

வெடிக்கவில்லை என்னும் சொல்லை அந்தச் சுரங்கத்தார் வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அது காதில் வாங்கிக்கொள்ளும் என்று அஞ்சுவார்கள். குழி ஆறவில்லை என்பார்கள். எழுதும்போதும் அப்படியே எழுதுவார்கள். ஆனால் ஆறாக் குழி என்று எழுதவேண்டியவன் ககர ஒற்றை விழுங்கிவிட்டான். அவனுக்கு அது வேண்டாத பாரம். ஒற்று இருந்திருந்தால், ஆறாம் எண்ணுக்கு இது உரியதன்று என்று படித்த எவனும் ஒரு கணமாவது நின்றிருப்பான்.

தங்கசாமி கத்தினார். இரைச்சலில் அது செல்லதுரைக்கு எட்டவில்லை. திரும்பிப் பார்க்க வண்டியில் கண்ணாடி இல்லை. அவன் மேல்படியை நோக்கி ஏறினான். துளைகளுக்கு நடுவே முன்சக்கரம் எழும்பியபோது இஞ்சின் இருமியது, மறுபடி இருமியது, நின்றது. பாரம் குறைய அவர் கொஞ்சமாக ஊற்றிய பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

குழி முழுவதும் நிசப்தமாயிற்று.

"மாப்ள! அசையாத! வண்டியக் கீழ போட்டுடாத!"

செல்லதுரை குனிந்து கம்பிகளைப் பார்த்தான். அவன் இரு கால்களும் ஊன்றியிருந்தன. வண்டியைச் சாய்த்து நிறுத்த ஸ்டாண்டு இல்லை. விட்டால் துளைகள்மேல் விழும்.

"மாமா," அவன் குரல் நூலாக வந்தது, "கை நடுங்குது."

தங்கசாமி டயர் பதிந்த தடத்திலேயே அடிமேல் அடி வைத்து இறங்கினார். அங்கமுத்து ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. செங்கமலத்தின் குரல்மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பின்சக்கரத்தைப் பற்றினார். செல்லதுரை முன்புறம் தூக்கினான். பாடைபோல வண்டியைச் சுமந்துகொண்டு, வந்த தடத்திலேயே இருவரும் திரும்பினார்கள். ஒரு கம்பி தங்கசாமியின் வேட்டி நுனியில் பட்டு, நாக்குப்போல வளைந்து, விலகியது.

மேலே வந்ததும் செல்லதுரை சிரிக்க முயன்றான். "போட்டியில கால் ஊனுனா புள்ளி போயிடும், மாமா."

"வாய மூடு. நேரா வூட்டுக்குப் போ."

"போறேன் மாமா" என்று பாட்டிலை வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்பினான்.

தங்கசாமி ஒரு சுண்ணாம்புக்கல்லை எடுத்து, பலகையில் இரண்டு சொற்களுக்கும் இடையே ஒரு க் எழுதினார்.

"ஒத்த எழுத்துத்தானே, தம்பி" என்று முனகிய அங்கமுத்து, சட்டென்று பலகையை உற்றுப்பார்த்தார். "நேத்து மேஸ்திரி இதையே ரெண்டு பலகையில எழுதுனாரு. இது ஒண்ணு. வடக்குக் குழி மட்டுந்தான் ஆறலன்னு எங்கிட்டச் சொன்னாரு... இன்னொண்ண எங்க நட்டாரு?"

தார்ச்சாலை மேற்கே இருந்தது. வண்டியின் சத்தம் மேற்கே போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பாதை பிரியும் இடத்தில் அது சற்றே தயங்கியது. பிறகு தெற்கே, ஆறாங்குழிப் பக்கம் திரும்பியது.