ஒன்றரை இஞ்சிச் சுடுதண்ணீர்

தண்ணீரை ஆளத் தெரிந்தவனே மனிதரை ஆளத் தகுந்தவன். பேச்சிப்பாறை அணையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செல்வதாஸ் கண்ட உண்மை இது. அங்கே அவர் திறந்ததும் மூடியதும் ஷட்டரை அல்ல, ரிஜிஸ்டரை. வீட்டிலோ வாளி நிரப்பும் அதிகாரம் முழுக்க மனைவி ஞானபாயிடம் இருந்தது. முட்டுவலியும் அவளிடமே இருந்தது.

கோட்டாறு பக்கம் பழைய வீடு. துருவேறிய இரும்புக் குழாய்களைப் பிடுங்கி மாற்றுவதென்று 2012இல் முடிவானபோது ஞானபாய் கேட்டது ஒன்றே ஒன்று: அடுப்பிலிருந்து தூக்கிச் சுமக்காமல், குளிக்கச் சுடுதண்ணீர். முன்பக்கச் சுண்ணாம்புச் சுவர் தாங்காது என்று கீசரைப் பின்பக்க அடுக்களையில் மாட்டினார்கள். குளியலறைகள் இரண்டும் முன்பக்கம்.

“எல்லா பைப்பும் ஒன்றரை இஞ்சி அகலம்,” என்றார் செல்வதாஸ், பல்செட்டைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு. தீர்ப்பு சொல்லும்போது அது ஆடும். “எதிர்வீட்டு ராஜையன் ஒரு இஞ்சிதான் போட்டிருக்கான்.”

பிளம்பர் யூஜின் தலையைச் சொறிந்தான். “சுடுதண்ணிக்கு வேண்டாம் சார். அறுபது அடி தூரம். ஒன்றரை இஞ்சின்னா பைப்புக்குள்ளயே பதினாறு லிட்டர் கெடக்கும். கீசர் பதினஞ்சு லிட்டராக்கும். சூடு குளிமுறிக்கு வந்து சேராது. அரை இஞ்சின்னா ரெண்டு லிட்டர்தான் நிக்கும்.”

“ஏலே, எனக்குத் தண்ணியப் பத்திப் படிப்பிக்கியா? அரை இஞ்சியில மூத்திரம்தான் போவும்.”

ஞானபாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூடத்தில் ஒன்றரை இஞ்சிக் குழாய்கள் கட்டாகக் கிடந்தன. அந்தக் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

“எந்திரி ஏட்டி.”

“மாட்டேன். எனக்க குளிமுறிக்கு அரை இஞ்சி.”

“ஒரு வீட்டுல ரெண்டு அளவா? ஊரு சிரிக்கும்.”

“ஊரு வந்து எனக்க முதுகுல தண்ணி ஊத்துமா? உங்களுக்கு வேணும்னா அணையே கட்டிக் குளிங்க.”

“சரி, சோறு வையி. பெறவு பேசலாம்.”

“பைப்பு முடிவாகட்டும், பெறவு சோறு.”

மணி ஒன்று ஆனது, இரண்டும் ஆனது. இரண்டேகாலுக்கு, அவள் குளியலறைக்கு மட்டும் அரை இஞ்சி என்று செல்வதாஸ் பெருந்தன்மையோடு அனுமதித்தார். ஜெயித்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. செல்வதாஸும் யூஜினும் ஆளுக்கொரு கையாகத் தூக்கிவிட்டார்கள்.

வேலை முடிந்த மறுநாள் ஞானபாயின் குழாயில் இரண்டு மூன்று செம்பு பச்சைத் தண்ணீர் போனது. பிறகு ஆவி பறக்க வந்தது. நூல் மாதிரிதான். கீர்த்தனை பாடிக்கொண்டு அரைமணி நேரம் குளித்தாள். கீசர் மறுபடி சூடானதும் செல்வதாஸ் தம் குளியலறைக்குள் போனார். அருவி மாதிரி சத்தம் கேட்டது.

“சூடா இருக்கா?” என்று வெளியே நின்று கேட்டாள்.

“இருக்கு.”

“பல்லு அடிக்குதே?”

“ஜெபம் பண்ணுதேன்.”

மூன்று வாரம் அப்படியே ஜெபித்தார். தண்ணீரின் வேகத்தைப் பற்றி ராஜையனிடம் தினமும் சொன்னார். சூட்டைப் பற்றி ராஜையன் கேட்டால் அணைக்கட்டுக்குப் பேச்சை மாற்றினார்.

நாலாம் வாரம் வெள்ளிக்கிழமை, ஞானபாய் உபவாச ஜெபத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். கால் கழுவத் தன் குளியலறைக் கதவைத் திறந்தாள். தரை ஈரமாக இருந்தது. சோப்புப் பெட்டிக்குள் செல்வதாஸின் பல்செட் இருந்தது.