வினிஃப்ரெட்டின் காலை

கழுத்து வலி. எண்ணெய்க்கான செம்பனைப் பழக்குலையை வெட்டுகிறவனுக்கு வருகிற வலி அது. அரிவாள் கட்டிய நீளக் கம்பைப் பிடித்து நாள் முழுக்க அண்ணாந்தே நின்றால், சாயங்காலம் தலையைக் குனிய முடியாது. சோறு தட்டில் இருக்கும், கண் கூரையில் இருக்கும். வெள்ளிக்கிழமை, படிக்கிற ஜொகூர் பாருவில் பஸ் ஏறி எங்கள் ஊர் யோங் பெங் வருவேன். சனியும் ஞாயிறும் அப்பாவோடு வெட்டுவேன். திங்கட்கிழமை அந்தக் கழுத்தோடுதான் வகுப்பில் உட்காருவேன்.

ஆங்கிலம், இலக்கியம், நவீன மொழிகள் துறை. கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். கட்டடத்தின் உச்சியில் சிலுவை. என் கழுத்துக்கு அதைப் பார்ப்பது மட்டும் சுலபமாக இருந்தது.

முதல் ஆண்டில், பார்த்தே இராத ஒரு குளிர்தேசத்துப் பூவைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுத எனக்கு வந்தது. பிரெஞ்சில்தான் மாட்டிக்கொண்டேன். வாய்மொழித் தேர்வில் ஒரு தடவை தோற்றாயிற்று. இன்னொரு தடவை தோற்றால் துறையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம் வாரத்துக்கு ஏழு நாளும் அந்தக் கம்புதான்.

தேர்வுக்குத் தலைப்பு முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள்: ‘என் காலைப்பொழுது.’ சொந்தமாகத் தயாரித்து, தாளைப் பார்க்காமல், ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

வினிஃப்ரெட் ஜொகூர் பாருவிலேயே தம்போய்க்காரி. பிரெஞ்சு வகுப்பில் முதல் ஆள். அந்தத் தேர்வில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குப் பிரான்சில் ஒரு பருவம் படிக்க இடம். ஒரே இடம். அது அவளுக்குத்தான் என்று எல்லாரும் பேசிவைத்தது போல இருந்தோம். அவள் தன்னுடைய காலைப்பொழுதைப் பிரெஞ்சில், தன் குரலில் பதிவு செய்து என் போனுக்கு அனுப்பினாள்.

“மாதிரிக்குத்தான்டா ஜீவன். எங்க இழுக்கிறது, எங்க மூச்சு விடறதுன்னு கேளு. அப்புறம் ஒன்னோடத எழுது.”

“என்னோடதுல என்ன இருக்கு? எந்திரிச்சேன், வெட்டினேன், படுத்தேன்.”

“அதையே எழுது லா. கொசு கடிச்சிச்சின்னு சேத்துக்க, அரை நிமிஷம் ஓடும்.”

தோட்டத்தில் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன். இன்னொரு காது குலை விழும் சத்தத்துக்கு வேண்டும். தலையில் விழுந்தால் பிரெஞ்சும் இல்லை, தமிழும் இல்லை. செம்பனை வரிசைகளுக்கு நடுவே பனி பால் மாதிரி நிற்கும். மட்டை இடுக்கு வழியாக வெளிச்சம் மெல்ல இறங்கும். அந்த வெளிச்சத்தோடு அவள் குரலும் இறங்கும். மூன்றாவது மாடி. ஜன்னல் கண்ணாடியில் ஈரம். கீழே பட்டறைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. அண்ணன் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய்விட்டான், அவன் குடித்த கோப்பை மேசையில் இன்னும் சூடாக இருக்கிறது. அந்தக் கோப்பையை நான் கையில் பிடித்துப் பார்த்தேன். சத்தியமாகப் பிடித்தேன். கையில் இருந்தது கம்பு, சூடு மட்டும் கோப்பையுடையது.

“டேய், பழத்தப் பாருடா. பாட்ட அப்புறம் கேட்டுக்கலாம்,” என்பார் அப்பா. அவருக்கு அது பாட்டுத்தான். எனக்கும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது.

என்னுடையதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி வந்தது. படித்துப் பார்த்தேன். அவளுடைய காலைக்குப் பக்கத்தில் அது வேலைக்கு வந்தவன் வாசலில் நிற்பது மாதிரி நின்றது. தாளை மடித்து வைத்துவிட்டு மறுபடி காதில் மாட்டிக்கொண்டேன்.

தேர்வு அறையில் இரண்டு பேர். டாக்டர் வாலண்டைன், பக்கத்தில் ஒரு சீன ஆசிரியை. அங்கே எந்தத் தேர்வும் ஜெபத்தோடுதான் தொடங்கும். “எங்கள் நாவில் உண்மையைத் தாரும்,” என்று டாக்டர் ஆங்கிலத்தில் கண்ணை மூடிச் சொன்னார். நான் இந்து, கண்ணைத் திறந்துகொண்டே நின்றேன்.

பேசினேன். மூன்றாவது மாடி வந்தது. ஜன்னல் வந்தது. கதவுகள் ஏறின. கோப்பை சூடாக இருந்தது. இவ்வளவு நன்றாக நான் எந்த மொழியிலும் பேசியதில்லை. அறையே தம்போய் மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தது. அப்போது என் வாய் தமிழில், “இதோ வரேம்மா, அடுப்ப அணைச்சிட்டேன்,” என்றது.

பதிவின் நடுவில் அவள் அம்மா சமையற்கட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார், அவள் பதில் சொல்லியிருந்தாள். நூறு தடவை கேட்டதில் அதுவும் காலையோடு ஒட்டிக்கொண்டது. அவளுடைய அவசரம், கடைசியில் அவள் விடுகிற சின்ன மூச்சு, எல்லாவற்றோடும் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கும் போய்விட்டேன். வெள்ளைப் பூனை ஒரு காரின் கூரைமேல் நடந்தது.

டாக்டரின் பேனா நின்றது. சீன ஆசிரியை தாளில் எதையோ தேடினார்.

“அம்மா கூப்பிட்டாங்களா?” என்று டாக்டர் தமிழில் கேட்டார்.

“எங்கம்மா இல்ல சார். வினிஃப்ரெட்டோட அம்மா.”

“அப்ப இந்தக் காலை?”

“அதுவும் அவளோடதுதான் சார். நான் எடுத்துக்கிட்டது அவளுக்குத் தெரியாது.”

பொய் சொல்லலாம் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் ஆசிரியைக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த ஆசிரியை என் கைகளைப் பார்த்தார். காய்த்துப்போன கைகள். “சரி, உன்னுடைய காலை என்ன?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

இருட்டாக இருக்கிறது. அப்பா இரும்பைத் தீட்டுகிறார். நான் மேலே பார்க்கிறேன். பழம் விழுகிறது. நிலம் ஆடுகிறது. நான் மறுபடி மேலே பார்க்கிறேன். கழுத்து வலிக்கிறது. அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. குலை என்பதற்குப் பிரெஞ்சு தெரியாமல் இரண்டு கையையும் அகட்டிக் காட்டினேன். ஐம்பத்தொரு மதிப்பெண். ஐம்பது போதும்.

வெளியே சிற்றாலயச் சுவரோரம் வினிஃப்ரெட் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அடுத்தது அவள் முறை.

“எப்படிடா?”

“பரவால்ல,” என்றேன்.

பெயரைக் கூப்பிட இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குக் கழுத்து நன்றாகவே குனிந்தது.

கால் மணி நேரத்தில் வந்தாள்.

“இந்தக் காலைய ஜீவன் சொல்லிட்டான், ஒன்னோடதுதான்னு தெரியும், ஆனா ஒரே பேச்சுக்கு ரெண்டு தடவ மார்க் போட முடியாது, வேற காலை சொல்லுன்னாங்க. எனக்கு வேற காலை இல்லடா. அஞ்சு நிமிஷத்துல எங்கேர்ந்து புதுசா எந்திரிக்கிறது?”

மூன்று மதிப்பெண் குறைந்து பிரான்ஸ் இடம் அவள் கையை விட்டுப் போயிற்று. எங்கள் வகுப்பு மார்கஸ் போனான்.

இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் கேன்டீனில் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அம்மாகிட்ட சொல்லிட்டேன். என் சத்தம் பரீட்சைக்கெல்லாம் போச்சான்னு ஒரே சிரிப்பு.”

“அப்ப ஒனக்குக் கோவம் இல்லையா, வினி?”

“சிரிக்கிறது எங்கம்மா. நான் இல்ல.”

சோற்றைப் பிசைந்தாள். சாப்பிடவில்லை.

“ஒன்னோட காலைய எனக்குக் குடு. பிரெஞ்சுல, ஒன் குரல்ல, முழு அஞ்சு நிமிஷம். நானும் காதுல மாட்டிக்கிட்டுப் பஸ்ஸுல போறேன். எங்கயாச்சும் போய்ட்டு வந்த மாதிரி இருக்கும்.”

சனிக்கிழமைதோறும் போனைச் சட்டைப்பையில் ஓடவிட்டுத்தான் தோட்டத்துக்குள் இறங்குகிறேன். பனி நிற்கிறது, வெளிச்சம் இறங்குகிறது, இப்போது காதில் யாரும் இல்லை. நிலம் ஆடுவது வரைக்கும் பேசிவிட்டேன். அதற்குமேல் ஒவ்வொரு தடவையும் அப்பா, “தள்ளுடா, விழுது!” என்று கத்துகிறார். அதை வெட்டுவதா, விடுவதா என்று தெரியவில்லை. இரண்டரை நிமிடத்தில் நிற்கிறது.

வினிஃப்ரெட்டுக்கு நான் ஒரு காலைப்பொழுது தர வேண்டும். இன்னும் தரவில்லை.