பஸ் திரும்பிப் போகும் ஊர்

மேஸ்திரியம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கைப்பையின் வாரை முன்கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இனிமேல் தன்னை யாரும் கீழே இறக்க முடியாது என்று சொல்வது போல இருந்தது அது.

அவள் கட்டட மேஸ்திரி இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். கடைசிப் பத்து வருஷம் பன்னிரண்டு பேரை வைத்து வேலை வாங்கினாள். ஒரு போர்வை மடிப்புக் கோணலாக வந்தாலும் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வாள். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. சொந்தத் தங்கையே போனில், “என்ன மேஸ்திரி, சாப்பிட்டாச்சா?” என்றுதான் கேட்பாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவள் புருஷன். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். அதில் பதினோரு வருஷம் இதே மலையடிவாரத்துக்குத்தான் ஓட்டினார். நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருவார், கீழே பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நிறுத்துவார், டீ குடிப்பார், வண்டியைத் திருப்புவார், போய்விடுவார். மேலே மூன்று அடுக்கு மதிலோடு ஒரு பழைய நகரமே மலை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. உலகத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் ஒரு நாளும் ஏறியதில்லை.

“மேல என்னங்க இருக்கு?” என்று அவள் அந்தக் காலத்தில் கேட்பாள்.

“கல்லு” என்பார்.

ஒரு தடவையாவது கூட்டிப் போங்கள் என்றால், “தெனமும் வண்டியிலயே கெடக்குறேன், லீவுலயும் வண்டியா?” என்று பாயை விரித்துவிடுவார். ஓய்வு பெற்றதும் முழங்கால் வலி வந்து சேர்ந்துகொண்டது. கிளட்ச் மிதித்தே தேய்ந்த இடது முழங்கால். இந்தத் தடவை மேஸ்திரியம்மா அவரைக் கேட்கவே இல்லை. பேட்டரி வண்டியில் இடம் பதிந்துவிட்டு, “நான் போறேன். வர்றதுன்னா வாங்க” என்று மட்டும் சொன்னாள். அவர் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலையில் தன் பையைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார்.

வண்டி ஆறு பேர் உட்காருகிற சின்ன வண்டி. பக்கங்கள் திறந்தவை, மேலே தார்ப்பாய்க் கூரை. பின்சீட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி உட்கார்ந்து ஒருவரையொருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. வண்டியை ஓட்டுவதும் ஊரைப் பற்றிச் சொல்வதும் ஒரே பெண். இருபத்தைந்து வயசு இருக்கும். காதோரமாக ஒரு மைக்கை மாட்டியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசம்தான் ஆகிறது என்று ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

மேஸ்திரியம்மாவின் டிரைவர் புருஷன் குனிந்து அந்தப் பெண்ணின் காலடியைப் பார்த்தார். “கிளட்ச் இல்ல, கியர் இல்ல. இதெல்லாம் ஒரு வண்டியா?”

“பிரேக் இருக்கு சார்” என்றாள் அந்தப் பெண்.

மேஸ்திரியம்மாவுக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

வண்டி சத்தமே இல்லாமல் முதல் மதில் வாசலுக்குள் நுழைந்தது. கருங்கல் பாவிய தெரு செங்குத்தாக ஏறியது. இரண்டு பக்கமும் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நின்றன. ஒரு தையல் கடை, ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர், வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிற ஒரு பெண்மணி. வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் மதில் வியாபாரிகள் கட்டியதாம், இரண்டாவதைப் படைக்காரர்கள் கட்டினார்களாம். உச்சியில் காவல் கோபுரம். அதற்கு ஏறும் படிகளை வேண்டுமென்றே ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் வைத்திருக்கிறார்கள்; ஓடி ஏறுகிற எதிரி தடுக்கி விழட்டும் என்று. உள்ளூர்க்காரனுக்கு மட்டும் காலே கணக்கு வைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் மேஸ்திரியம்மா வாயைத் திறந்தபடி கேட்டாள். டிரைவருக்குக் காது அதில் இல்லை.

“எதிர்ல ஆள் வர்றாங்க பாரு.”

“பாத்துட்டேன் சார்.”

“வளைவுல ஹாரன் அடிக்கணும்மா.”

“மதிலுக்குள்ள ஹாரன் கூடாது சார்.”

“ஓரம் பத்தாது, ஓரம் பத்தாது...”

வெறும் தரையில் அவர் வலது கால் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தது. மேஸ்திரியம்மா அந்தத் தொடை மேல் தன் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். “நீங்க பாசஞ்சர்.”

இரண்டாவது மதிலைத் தாண்டியதும் கழுத்துச் சந்து வந்தது. வழிகாட்டிகள் வைத்த பெயர் அது. வண்டியிலிருந்து கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும். அதன் நடுவில் ஒரு சிறு லாரி அச்சு முறிந்து உட்கார்ந்திருந்தது. அதில் வந்த மர பீரோவைக் கயிறு கட்டி மாடிக்குப் பாதி ஏற்றியபடி இரண்டு பேர் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் வர இரண்டு மணி நேரமாகும் என்று லாரிக்காரர் கையை விரித்தார்.

முன்னால் போக வழி இல்லை, திருப்பவும் இடம் இல்லை. இருநூறு அடி பின்னோக்கியே இறங்க வேண்டும். நடுவில் ஒரு வளைவு, இடது ஓரம் முழுக்க முழங்கால் ஆழத்துக்குக் கல் ஓடை.

வழிகாட்டிப் பெண் மைக்கைக் கழற்றி மடியில் வைத்தாள். “எல்லாரும் கொஞ்சம் இறங்கி நடந்து வாங்க” என்றாள். குரல் மெலிந்துவிட்டிருந்தது. ஜோடி இறங்கியது. டிரைவரும் இறங்கினார். ஆனால் பின்னால் போகவில்லை, நேராக ஓட்டுகிற பக்கம் வந்து நின்று, நீட்டிய கையோடு, “இறங்கும்மா. நான் எடுக்கறேன். இது உன்னால ஆவாது. முப்பத்திரண்டு வருஷம் ஓட்டிருக்கேன்” என்றார்.

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள், பின்னால் ஓடையைப் பார்த்தாள். ஒரு கால் வெளியே வந்துவிட்டது.

“நீ இறங்காத” என்றாள் மேஸ்திரியம்மா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“என்னங்க, ஒண்ணு கேக்கறேன். உங்க வண்டியில எவனாவது வந்து ஸ்டீரிங்கைக் குடுன்னா குடுத்திருப்பீங்களா?”

“அது வேற...”

“என்ன வேற?”

டிரைவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவர் வேலையில் இருந்த காலத்தில், நடுவழியில் பிரேக்டவுன் ஆனபோது மேலதிகாரி ஒருவர் வந்து சீட்டில் கை வைத்ததற்கே இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவர் அவர். அது அவளுக்கும் தெரியும், அவள் நினைத்துக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும்.

“பின்னாடி போய் நில்லுங்க. வழி சொல்லுங்க. கண்டக்டர் வேலையும் வேலைதான்.”

கண்டக்டர் வேலை என்றதும் அவர் காதுமடல் சிவந்தது. ஆனாலும் போனார்.

“அம்மா, நீங்களும் இறங்கிடுங்க. எனக்குக் கை நடுங்குது” என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

“நடுங்கட்டும். நான் முதல் நாள் நீராவி மெஷினைத் தொட்டப்ப எனக்கு உடம்பே நடுங்குச்சு. நான் இறங்க மாட்டேன். நீ எடு.”

வண்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தது. பின்னாலிருந்து டிரைவரின் குரல் வந்தது. முதலில் முறுக்காக, பிறகு தொழில் குரலாக. “போலாம்... போலாம்... லைட்டா வலது ஒடி... அதான்... நேரா வை... போலாம்...” முப்பத்திரண்டு வருஷம் தன் முதுகுக்குப் பின்னால் கேட்ட குரலை இப்போது அவரே கொடுத்துக்கொண்டிருந்தார். வளைவில் இடது சக்கரம் சர்ரென்று வழுக்கியது. “நிறுத்து!” என்று கத்தினார். வண்டி ஓடைப் பக்கம் சாய்ந்து நின்றது. மேஸ்திரியம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் பக்கவாட்டில் வந்து சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். இந்தத் தடவை கையை நீட்டவில்லை. “பயப்படாத. நாலு விரல் இடம் இருக்கு. முன்னாடி ஒரு முழம் எடு, அப்புறம் ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சுட்டு வா. அவசரமே இல்ல” என்றார்.

அவள் முன்னால் எடுத்தாள். ஒடித்தாள். வந்தாள். கடைசி ஐம்பது அடி நேர் வழி. சந்து வாய்க்கு வெளியே, பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த சின்ன முற்றத்தில் வண்டி நின்றதும், ஸ்டீரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“நல்லாத்தான் எடுத்த” என்றார் டிரைவர். அவர் வாயிலிருந்து அது சுலபத்தில் வராது.

ஆனால் சங்கடம் தீரவில்லை. சந்து அடைபட்டால் சுற்றுலா அத்தோடு முடிந்தது, கீழே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் அலுவலக விதி. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதைச் சொன்னாள். ஜோடிக்கு அதில் வருத்தமில்லை. தொட்டியருகே வெயில் நன்றாக இருந்தது.

மேஸ்திரியம்மா முற்றத்தின் மூலையைப் பார்த்தாள். அங்கிருந்து படிகள் புறப்பட்டு வீடுகளுக்கு நடுவே மேலே போயின.

“இது எங்க போவுது?”

“கோபுரத்துக்குத்தான்மா. இருநூத்திப் பத்து படி. யாரும் இப்ப இந்தப் பக்கமா ஏறுறதில்ல.”

“நான் ஏறுறேன்.”

“உனக்கென்ன பைத்தியமா?” என்றார் டிரைவர்.

“இருக்கட்டும்.” கைப்பையின் முடிச்சை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வழிகாட்டிப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். இது தன் சாப்பாட்டு நேரம், முக்கால் மணி நேரம் நிறுத்தி வைக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றாள்.

படிகள் அவள் சொன்னபடியே இருந்தன. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். நாற்பது படியில் மூச்சு வாங்கியது. எண்பதில் தொடை கடுத்தது. நூறில் ஒரு வீட்டு முகப்பில், மதிலிலேயே ஆணி அடித்துக் கொடி கட்டி, ஒரு பெண் கனத்த கம்பளி ஒன்றை ஒற்றை ஆளாகப் பிழிந்து திணறிக்கொண்டிருந்தாள். மேஸ்திரியம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போக முடியவில்லை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “நீ இடது பக்கம் முறுக்கு” என்றாள். தண்ணீர் கொட்டியது. அந்தப் பெண் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “மேல ஏறுறப்ப உக்காராதீங்க, உக்காந்தா எந்திரிக்கத் தோணாது” என்றாள்.

அவள் உட்காரவில்லை. கடைசிப் படிகளில் கையையும் ஊன்றித்தான் ஏறினாள். ஏறியேவிட்டாள்.

காற்று புடவையைப் பறித்தது. கீழே கூரை கூரையாக ஊர் இறங்கிப் போயிற்று. மூன்று மதிலும் மலையை இடுப்பு இடுப்பாகச் சுற்றியிருந்தன. அதற்கும் கீழே, வெகு கீழே, பஸ் ஸ்டாண்ட். ஒரு பஸ் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அரைவட்டம் அடித்து, வந்த வழியே போயிற்று. அவள் அதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். பதினோரு வருஷம் இவ்வளவு பக்கத்தில் வந்து திரும்பிப் போயிருக்கிறார். கோபம் வரும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. அரை மணி நேர ஓய்வில், வீங்கிய காலோடு, இந்த மலையை அண்ணாந்து பார்க்கும்போது அந்த மனுஷனுக்குக் கல்லைத் தவிர வேறென்ன தெரிந்திருக்கும்?

போதுமான அளவு பார்த்துவிட்டு இறங்கினாள். நூற்றிருபதாவது படியில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்து வடிந்தது. இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“நீங்க எதுக்கு வந்தீங்க?”

“நேரமாச்சே, ஆளக் காணோமேன்னு.”

“நேரமெல்லாம் ஆகல. இன்னும் கால் மணி இருக்கு.”

அவர் மேலே பார்த்தார். “அங்கேருந்து... பஸ் ஸ்டாண்ட் தெரியுதா?”

அவள் கையை நீட்டினாள். “எந்திரிங்க. இன்னும் தொண்ணூறு படிதான்.”

“காலு...”

“நல்ல காலை முன்னாடி வைங்க. மத்தது பின்னாடி வரும். அவசரமே இல்ல.”

பிறகு மதிலோரம் போய்க் கீழே குனிந்து, “ஏம்மா! நீ கெளம்பு! நாங்க நடந்து வந்துக்கறோம்!” என்று சலவைக்கூடக் குரலில் கத்தினாள். கீழே தொட்டியருகிலிருந்து ஒரு கை அசைந்தது. வண்டி ஜோடியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

தொண்ணூறு படிக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. பத்துக்கு ஒரு தடவை நின்றார்கள். ஒரு தடவை அவர், “போதும்” என்றார். அவள் காதிலேயே வாங்கவில்லை. மேலே போனதும் அவர் கோபுரச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு பஸ் ஸ்டாண்டைத் தேடினார். கீழே ஒரு பஸ் திரும்பியது.

“எவ்ளோ அகலமா ஒடிக்கிறான் பாரு” என்றார். “அங்க ஒரு மரம் இருந்துச்சு, வெட்டிட்டாங்க போல.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்று என்றார்.

மேஸ்திரியம்மா மறுக்கவில்லை. மேற்குப் பக்கம் கையைக் காட்டினாள். மூன்றாவது மதில் அங்கே ஒரு மடிப்பாக வளைந்து மறைந்தது.

“அந்தப் பக்கம் இன்னும் பாக்கல.”

“நாளைக்குப் பாத்துக்கலாமே.”

“இன்னைக்கே” என்றாள் அவள். மதிலோரமாகவே நடக்கத் தொடங்கினாள், அவருடைய நடைக்குத் தக்கபடி.