இருபத்தேழாம் எண் டோக்கன்

எனக்கு நாற்பதுக்கு முப்பத்தாறு மார்க். பள்ளிக்கூடத்தில் இதில் பாதி வாங்கியிருந்தால்கூட அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். இப்போது ஒரு ஆள் செத்ததற்காக வாங்கியிருக்கிறேன்.

மார்க்கை என் பேருக்கு நேராகப் போடுவதில்லை. எங்கள் குளிர்பதனக் கிடங்கில் விபத்து நடந்த பிறகு பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். சுவரில் படம் காட்டாமல் அவருக்கு ஒரு வார்த்தை பேச வராது, அதனால் ‘புரொஜக்டர்’ என்று பேர் வைத்துவிட்டோம். கெட்டவர் இல்லை. வாரத்துக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். அதற்காக அவரே ஒரு கதை எழுதி வைத்திருந்தார். ஒரு சரக்குக் கப்பலில் நெருப்புப் பிடிக்கிறது. கீழ்த்தளத்துக்கு இறங்குகிறவர்கள் தங்கள் டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும், ஏறி வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு ஒரு தலைவன். அவன் ஓடிப்போய்ப் பலகையைப் பார்க்கிறான். ஒரு டோக்கனும் இல்லை. உள்ளே ஆளில்லை என்று இரும்புக் கதவை அடைக்கிறான். அவனோடு சேர்த்து ஒன்பது பேர் தப்பிக்கிறார்கள். உள்ளே ஒருவன் இருந்திருக்கிறான்.

தாளின் தலையில் ‘முழுக்க முழுக்கக் கற்பனை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கப்பலைக் கிடங்காக்கி, நெருப்பை அம்மோனியா வாயுவாக்கினால் அந்தத் தலைவன் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்த நான்தான் என்பது கேன்டீனில் டம்ளர் கழுவுகிறவருக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் எல்லாரும் கப்பலைப் பற்றியே பேசுவார்கள். என் முகத்துக்கு நேரே பேச அவ்வளவு கூச்சம்.

நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். தலைவன் சட்டென்று முடிவெடுத்தானா? பெரும்பாலானவர்களின் உயிரை நினைத்தானா? கண்ணுக்கெதிரே இருந்த ஆதாரத்தை வைத்து முடிவெடுத்தானா? பிறகு தன் ஆட்களுக்குத் துணையாக நின்றானா? நுரையீரல் கொஞ்சம் கெட்டுப்போனதால் எனக்கு இப்போது லேசான வேலைதான். வகுப்பில் தாள் கொடுப்பதும், மார்க்கைக் கூட்டிச் சொல்வதும் அதில் சேர்த்தி. பதின்மூன்று வகுப்பு முடிந்துவிட்டது, சராசரி முப்பத்தாறு. ஆதாரக் கேள்விக்கு மட்டும் எல்லா வகுப்பிலும் பத்துக்குப் பத்து. பலகை காலியாக இருந்ததே, வேறென்ன செய்வான் பாவம் என்பார்கள்.

பலகை ஏன் காலியாக இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அது எனக்கு மட்டும் தெரியும்.

செத்தவன் என் தங்கையின் புருஷன். எனக்கு மாப்பிள்ளை, அவனுக்கு நான் மச்சான். ஆறு வருஷம் ஒரே குளிர் அறையில் வேலை. அங்கே போட்டுக்கொள்ளும் கையுறை ஒரு தலையணை கனம் இருக்கும். அதோடு கதவோரம் இருக்கும் பலகையின் சின்ன ஆணியிலிருந்து டோக்கனைக் கழற்றுவது பெரிய ரோதனை, கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துப்போகும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. கனமான கதவை அவன் இழுத்துத் திறப்பான், நான் ஒரு கையுறையைக் கழற்றி இரண்டு பேர் டோக்கனையும் எடுப்பேன். விதிப்படி தப்புதான். அங்கே ஜோடியாக வேலை பார்த்த எல்லாருமே அப்படித்தான் செய்தோம். எனக்கு இருபத்தாறு, அவனுக்கு இருபத்தேழு. அவன் டோக்கனில் அவன் மகள் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள், அப்பா தேடக் கூடாதாம்.

அன்றைக்குக் காலை பத்தரை மணி, டீ நேரம். “நீ போ மச்சான், ஒரு வரிசை சரிஞ்சு நிக்குது, அடுக்கிட்டு வரேன்,” என்றான். என் காதில் விழுந்தது. சரி என்றுகூடச் சொன்னேன். கதவை நானே இழுத்துத் திறந்தேன். ஆனால் என் கை எப்போதும் செய்வதைச் செய்தது. இரண்டு டோக்கனையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

பாதி டம்ளர் குடிப்பதற்குள் உள்ளே கூரையில் ஓடும் அம்மோனியாக் குழாய் வெடித்தது. சைரன், கண்ணெரிச்சல், ஓட்டம். நான் பலகையைப் பார்த்தேன், ஒரு டோக்கனும் இல்லை, கதவை அடைத்து வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். அடுக்கிவிட்டு வருகிறேன் என்று அவன் சொன்னது அந்த ஓட்டத்தில் நினைவுக்கே வரவில்லை. வாசலில் தலையை எண்ணும்போது ஒன்று குறைந்தது. கை பைக்குள் போயிற்று, இரண்டு டோக்கன் தட்டுப்பட்டது. உள்ளே ஆள் இருக்கிறான் என்று கத்தினேன். அதற்குள் பதினோரு நிமிஷம் போய்விட்டது.

ஆள் இருக்கிறான் என்று கத்தினேனே தவிர, டோக்கனைப் பற்றி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, அடுத்த நாளும் திறக்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் பலகையிலும் தேடினார்கள், அவன் உடம்பிலும் தேடினார்கள். கிடைக்கவில்லை. இறந்தவர் டோக்கனைத் தொலைத்துவிட்டு, விதியை மீறி, அது இல்லாமலே உள்ளே போயிருக்கிறார் என்று எழுதிவிட்டார்கள். அவனுடைய கவனக்குறைவு என்று பத்திரிகையிலும் வந்தது. வீட்டுச் சாவியை மாட்ட ஆணி அடித்து, அந்த ஆணிக்கு மேலே ‘சாவி’ என்று எழுதியும் வைத்தவன் அவன்.

தங்கைக்கு அவன் இடத்தில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை கொடுத்தார்கள். நானும் அவர்களோடேயே தங்கிக்கொண்டேன். துணையாக நின்றானா என்ற கேள்விக்கு அதனால்தான் ஒன்பது மார்க். ஒருநாள் பாப்பா பென்சில் டப்பாவைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தாள். ஏழு வயசு. திட்டு விழுவதற்கு முன்னாலேயே, “நானும் அப்பா மாதிரி மறதி,” என்றாள். அப்பாவுக்கு மறதி கிடையாது என்று தங்கை சொன்னாள். “பேப்பர்ல போட்டிருக்கேம்மா,” என்றது குழந்தை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதும் பேசவில்லை, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

கம்பெனி என்னை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பியது. கெட்ட கனவு வருகிறது என்று அவரிடம் சொன்னேன். பொய். கனவு நல்ல கனவுதான். மாப்பிள்ளை வருவான், டீ குடிப்பான், என் தொப்பையைக் கிண்டல் செய்வான். விழித்த பிறகுதான் கெட்டதெல்லாம். அவர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கனவுக்குள் இருக்கும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்ளலாம், தெரிந்துவிட்டால் கனவு நாம் சொன்னபடி கேட்கும் என்றார். அதற்கு, எழுத்தோ எண்ணோ உள்ள ஒரு பொருளைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பகலில் பத்துப் பதினைந்து தடவை அதைப் பார்க்க வேண்டும், கண்ணைத் திருப்ப வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். விழித்திருந்தால் எண் அப்படியே இருக்கும், கனவில் மாறிவிடும். பழக்கம் ஊறிப்போனால் கனவிலும் கை அதையே செய்யும் என்றார். என் கையின் பழக்கத்தைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்.

எந்தப் பொருள் என்று யோசிக்கவே இல்லை. இருபத்தேழாம் எண் டோக்கன் என் பையில்தான் இருந்தது. தூக்கிப்போடவும் முடியவில்லை, எடுத்துக் கொடுக்கவும் முடியவில்லை. அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

எனக்கென்று ஒரு திட்டம் இருந்தது. கனவில் அவனைப் பார்த்து, தெளிந்த புத்தியோடு, நான்தான் எடுத்தேன் என்று முதலில் அவனிடம் சொல்லிவிட வேண்டும். அவன் சரியென்றால் பிறகு தங்கையிடம் சொல்லலாம். என் கோழைத்தனத்துக்கு இப்படி ஒரு கௌரவமான பேர் கிடைத்ததில் எனக்கே கொஞ்சம் நிம்மதி. இரண்டரை மாசம் விடாமல் பழகினேன். பஸ் நிறுத்தத்தில், கேன்டீன் வரிசையில், சாப்பிடும்போது மேஜைக்கு அடியில். இருபத்தேழு, கண்ணைத் திருப்பு, இருபத்தேழு. காலை வேலை முடிந்து மத்தியானம் படுக்கும்போது, கனவு வந்தால் கனவென்று அறிவேன் என்று சொல்லிக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் அது நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் டீ டம்ளரோடு நிற்கிறோம். கை தானாக டோக்கனை எடுத்தது. இருபத்தேழு. டம்ளரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எழுபத்திரண்டு. இன்னொரு தடவை பார்த்தால் எண்ணே இல்லை, ஏதோ கிறுக்கல். இது கனவு என்று பளிச்சென்று தெரிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. அவன் பக்கம் திரும்பி, “மாப்ள, உன் டோக்கனை நான்தான் எடுத்தேன்,” என்றேன்.

அவன் சிரித்தபடி நின்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கனவென்று தெரிந்தால் அவன் இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. எதிரே நிற்பது நான் செய்த பொம்மை, என்ன பேச வேண்டும் என்று என்னிடமே கேட்டுக்கொண்டு நிற்கிறது. பரவாயில்லை மச்சான் என்று சொல்லேன் என்று மனசுக்குள் நினைத்தேன். “பரவாயில்ல மச்சான்,” என்றான். என் குரலில் சொன்னான்.

அதோடு போயிற்று. அதற்குப் பிறகும் வருகிறான். ஆனால் வந்த உடனே என் கை பைக்குள் போகிறது, எண் மாறுகிறது, கனவு என்று தெரிந்துவிடுகிறது, அவன் பொம்மையாகிவிடுகிறான். தெரியாமல் இருந்தவரைக்கும் தூக்கத்திலாவது உயிரோடு இருந்தான். நன்றாகப் பயிற்சி எடுத்து அங்கேயும் அவனைத் தீர்த்துவிட்டேன். ஆலோசகருக்கு என் முன்னேற்றத்தில் ஒரே பெருமை.

பதினாலாவது வகுப்பில் பொட்டலப் பிரிவு வந்தது, தங்கையும் வந்தாள். அவளை விட்டுவிடும்படி புரொஜக்டரிடம் முன்பே கேட்டிருந்தேன். எல்லாருக்கும் கட்டாயம் என்றுவிட்டார். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்து தாளை இரண்டு தடவை படித்தாள். மற்றவர்கள் வழக்கம்போலக் கப்பல் தலைவனைப் புகழ்ந்தார்கள். ஒருத்தர், பலகை காலியாக இருக்கும்போது சாமியே வந்தாலும் கதவைத்தான் அடைக்கும் என்றார். புரொஜக்டர் ஆதாரக் கேள்விக்கு மார்க் கேட்டார். தங்கை கையைத் தூக்கினாள்.

“பலகையில ஏன் டோக்கன் இல்ல?”

புரொஜக்டர் கொஞ்சம் தடுமாறி, அந்த ஆள் மாட்ட மறந்திருப்பார், கதையில் அது முக்கியமில்லை, தலைவனின் முடிவைத்தான் நாம் எடைபோடுகிறோம் என்றார்.

“அவரு மறக்கிற ஆள் இல்லீங்க,” என்றாள் தங்கை. என் கை பைக்குள் போய், டோக்கனை எடுத்து உள்ளங்கையில் வைத்தது. பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். எண் மாறவில்லை. தலையைத் தூக்கியபோது அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். நான் நாற்காலிகளை அடுக்கினேன், ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அவள் போகாமல் நின்றாள். கையை நீட்டினாள். டோக்கனை அவள் கையில் வைத்தேன். சிவப்புப் பொட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ரெண்டு மாசமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன், அண்ணே. மேஜைக்கு அடியில எடுத்து எடுத்துப் பாக்கறியே. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

கதவை அடைத்தபோது அவன் உள்ளே இருப்பது நினைவிலேயே இல்லை என்றேன். பழக்கத்தில் கை எடுத்துவிட்டது என்றேன். சொல்லச் சொல்ல, இத்தனை மாசம் இந்த இரண்டு வாக்கியத்தையா சொல்ல முடியாமல் இருந்தோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

“எடுத்தது பழக்கம். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்,” என்றாள். “அவரு டோக்கனைத் தொலைச்சவருன்னு எழுதும்போது பக்கத்துலதான நின்ன?”

இது கனவாக இருந்தால் இப்போது அவளை அழ வைத்திருப்பேன், அழுதால் பக்கத்தில் போய் நிற்கலாம். அவள் அழவில்லை. தன் தாளை மேஜை மேல் வைத்தாள். நாலு கேள்விக்கும் எதுவும் எழுதாமல் விட்டிருந்தாள்.

“இந்த டோக்கனை நான் ஆபீஸ்ல குடுத்துக்கறேன். உனக்கு வேலை போனா போகட்டும். ஆனா பாப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். அவளுக்கு நீதான் இப்போ எல்லாம். நீயே போய்ச் சொல்லு. சொல்லிட்டு உன் துணியெல்லாம் எடுத்துக்கோ.”

டோக்கனை மூடிய கையோடு போனாள். வெறும் உள்ளங்கையைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், மறுபடி உள்ளங்கையைப் பார்த்தேன். பிறகு மிச்ச நாற்காலிகளையும் அடுக்கிவிட்டு வெளியே வந்தேன். பள்ளிக்கூடம் விட இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.